காலம் காட்டாப் பெயர்கள்: குற்றம் புரிந்த இளையோரைச் சுட்டும் தமிழ்ச் சொற்களின் அமைப்பும் பொருண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

அடங்காத இளையோரையும் குற்றச் செயலில் ஈடுபட்ட இளையோரையும் சுட்டும் சொற்கள் தமிழில் மிகுதி. இச்சொற்களைத் தோற்ற மொழி, இழிபொருளின் அளவு ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்துவது பொதுவான முறை. இக்கட்டுரை அவற்றைக் காலம் என்னும் இலக்கணக் கூற்றைக் கொண்டு ஆராய்கிறது. வழக்கிலுள்ள பெயர்களுட் பெரும்பாலானவை காலம் காட்டாதவை. ஆதலின், ஒருமுறை நிகழ்ந்த செயலை அவை நீங்காத இயல்பாக மாற்றிவிடுகின்றன. இளையோர் நீதிச் சட்டத்தின் தமிழ்ச் சொல்லாக்கம் இந்நிலையை மாற்றவல்லது. எனினும் அச்சொல்லாக்கத்தில் எவ்வகைப் பெயரெச்சம் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வினையாலணையும் பெயர், பெயரெச்சம், இழிபொருட்பேறு, விடலை, பொறுக்கி, கேடி, குண்டர், இளங்குற்றவாளி, முரண்பட்ட சிறார்.

முன்னுரை

ஒருவன் ஒருநாள் ஒரு பொருளைத் திருடினான் என்று கொள்வோம். அவனைத் ‘திருடியவன்’ என்றும் கூறலாம். ‘திருடன்’ என்றும் கூறலாம். இரண்டும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. ஒரே ஆளைச் சுட்டுபவை. எனினும் இரண்டும் ஒன்றல்ல. ‘திருடியவன்’ என்பதில் இறந்தகால இடைநிலை உண்டு. அச்செயல் முடிந்தது, அதற்குமுன் அவன் வேறாக இருந்தான், இனியும் வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு அச்சொல்லின் உறுப்பிலேயே இடம் உள்ளது. ‘திருடன்’ என்பதில் அவ்விடம் இல்லை.

பெயர்ச்சொல் காலம் காட்டாது என்பதும், தொழிலோடு ஒட்டிய பெயரே காலம் காட்டும் என்பதும் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமையியலில் கூறப்பட்ட கருத்துகள். பிற்கால இலக்கண நூல்களும் வினையாலணையும் பெயரைக் காலம் காட்டும் பெயராகப் பிரித்துக் காட்டின. வகுப்பறையில் எளிய விதியாகக் கற்பிக்கப்படும் இவ்வேறுபாடு, வளர்பருவத்தினர் ஒருவரின் செயலுக்குப் பெயரிடும் இடத்தில் வாழ்க்கைச் சிக்கலாக மாறுகிறது. பதினாறு வயதில் செய்த ஒன்றிற்காக அறுபது வயதிலும் ஒரு பெயரைச் சுமக்க வேண்டுமா என்பதே அவ்விடத்தில் எழும் வினா. இவ்வினாவை முன்னிறுத்திப் பழந்தமிழ் வழக்கு, பேச்சு வழக்கு, காவல்துறை ஆவண வழக்கு, சட்டச் சொல்லாக்கம் ஆகிய நான்கு களங்களிலிருந்து சில சொற்களை இக்கட்டுரை நோக்குகிறது.

1. இளமையும் மறமும்: பழந்தமிழ் வழக்கு

இளமையையும் வன்செயலையும் ஒரே சொல்லில் இணைக்கும் போக்கு தமிழுக்குப் புதிதன்று. ‘மழ’ என்பது இளமைப் பொருள் தரும் உரிச்சொல் என்பது தொல்காப்பிய உரியியற் செய்தி. சங்கப் பாடல்களில் ஆநிரை கவரும் வீரராக வரும் மழவரின் பெயர் அவ்வுரிச்சொல்லோடு இயைத்து நோக்கப்படுவது உண்டு. விடலை, காளை, மீளி ஆகியவை பாலைநிலத் தலைமக்களுக்கு உரிய பெயர்களாக அகப்பொருள் மரபில் இடம்பெறுகின்றன. பாட்டியல் மரபு ஆண்மகனின் பருவங்களைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என ஏழாகப் பகுக்கிறது. பாலனுக்கும் முதுமகனுக்கும் இடையிலுள்ள பருவப் பெயர்களுள் மறவோன், திறலோன் ஆகியன வெளிப்படையாகவே ஆற்றலையும் மறத்தையும் குறிப்பவை. இளமை என்பதே மிகையான ஆற்றல் என்ற எண்ணம் பருவப் பெயர்களிலேயே பதிந்துள்ளமை நோக்கத்தக்கது.

எனினும் அப்பெயர்கள் பழிச்சொற்கள் அல்ல. அச்செயல்களை மதிப்பிடும் அளவுகோல் வேறாக இருந்ததே காரணம். பிறர் ஆநிரையைக் கவர்தல் வேந்தனது ஏவலால் நிகழ்ந்தால் அது வெட்சித் திணை. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என அதனை இருவகைப்படுத்தி, ஏவலின்றித் தாமே மேற்கொள்வதற்கும் இடம் தந்தது. அதே வேளையில், பாலை வழியில் செல்வோரை அலைத்துப் பொருள் பறிப்போர் ஆறலைகள்வர் எனப்பட்டனர். கவர்தல் என்ற செயல் ஒன்றே. செய்வோர், செய்விப்போர், இழப்போர் ஆகியோரைப் பொறுத்துப் பெயர் வேறுபட்டது.

இத்தொகுதியுள் ‘விடலை’ என்னும் சொல்லின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. தலைவியை உடன்கொண்டு சுரம் கடக்கும் வீரனைக் குறித்த அச்சொல், இன்று ‘விடலைப் பையன்’, ‘விடலைப் பருவம்’ என்னும் தொடர்களில் முதிர்ச்சியின்மையையும் பொறுப்பின்மையையும் குறிக்கிறது. இஃது இழிபொருட்பேற்றிற்குத் தக்க சான்று. ‘தறுகண்’ என்பதையும் இதனோடு ஒப்பிடலாம். பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்குரிய நிலைக்களன் நான்கனுள் தறுகண்ணும் ஒன்று எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். இன்றைய வழக்கிலோ அச்சொல் மறைந்தது. வடிவால் அதனை நினைவூட்டும் ‘தறுதலை’ என்பதே எஞ்சி நிற்கிறது. இவ்விரண்டிற்கும் வேர்த்தொடர்பு உண்டெனக் கொள்ள வேண்டுவதில்லை. அடங்காமையைப் பெருமிதத்தின் பகுதியாகக் கண்ட சொல் வழக்கொழிந்து, அதனைக் குறையாகக் காணும் சொல் நிலைபெற்றது என்ற அளவே இங்குப் பொருத்தமானது.

பெயரிடுதல் உயிரைப் பறிக்கவும் கூடும் என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. கோவலனைக் கொன்றது வாள் என்பதினும் ‘கள்வன்’ என்ற பெயர் எனல் தகும். பொற்கொல்லன் அப்பெயரை அவன்மேல் ஏற்றினான், செயல் ஆராயப்படவில்லை. கண்ணகி அவையில் நிகழ்த்திய வழக்கு, அப்பெயர் அவனுக்குப் பொருந்தாது என்பதே. காற்சிலம்பு உடைந்தபின் பாண்டியன் அப்பெயரைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு உயிர்விடுகிறான். செயலை ஆராயுமுன் இடப்பட்ட பெயர் இட்டவனிடமே மீண்டது என்று இப்பகுதியை வாசிக்க இடமுண்டு.

2. செயலிலிருந்து இயல்பிற்கு: பேச்சு வழக்குச் சொற்கள்

இக்காலப் பேச்சு வழக்கில் உள்ள சொற்களை, அவை எதனை அடிப்படையாகக் கொண்டு ஆளைப் பெயரிடுகின்றன என்ற நோக்கில் வகைப்படுத்தலாம்.

முதல்வகை, குற்றச் செயலை நேரடியாகச் சுட்டுபவை: திருடன், வழிப்பறிக்காரன், கொள்ளைக்காரன் முதலியன. இவை காலம் காட்டாவிடினும், எந்தச் செயலுக்காக இப்பெயர் வந்தது என்பதையேனும் தெரிவிக்கின்றன.

இரண்டாம்வகை, வாழ்நிலையைச் சுட்டுபவை. ‘பொறுக்கி’ என்பது இவ்வகையின் தலையாய சான்று. ‘பொறுக்கு’ என்னும் வினையடியோடு இகர விகுதி சேர்ந்து அமைந்த இப்பெயர், சிதறிக் கிடப்பவற்றை எடுத்துச் சேர்ப்பவரைக் குறிப்பது. பொறுக்குதல் குற்றமன்று; வறுமையின் தொழில். குப்பைமேட்டிலும் தெருவோரத்திலும் பழைய தாளும் இரும்பும் பொறுக்கிப் பிழைத்த சிறாரின் தொழிற்பெயரே ஒழுக்கக் கேட்டிற்கான வசைச்சொல்லாயிற்று. ‘தெருப்பொறுக்கி’ என்ற தொகையில் இடமும் தொழிலும் இணைந்து நிற்கின்றன. குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. தென்தமிழகத்திலும் ஈழத்திலும் வழங்கும் ‘காவாலி’ என்ற சொல்லும் வேலையின்றித் திரிதலையே குறிக்கிறது. ‘ஊர்சுற்றி’யும் இவ்வகையினதே. வீடும் வேலையும் இன்மை, குற்றத்தின் காரணமாகவன்றிக் குற்றமாகவே இச்சொற்களில் எண்ணப்படுகிறது.

மூன்றாம்வகை, உறவையும் பருவத்தையும் சுட்டும் இயல்பான சொற்கள் பழிப்பெயராக மாறியவை. அண்மைக்காலத்தில் சென்னை வழக்கிலிருந்து பரவிய ‘புள்ளிங்கோ’ இதற்குச் சான்று. ‘பிள்ளைகள்’ என்பதன் பேச்சு வடிவமான ‘பிள்ளைங்க’ என்பதன் திரிபே இது. கானாப் பாடல்களின் வழியே 2018–2019 காலத்தில் தமிழகம் எங்கும் பரவியபோது, நண்பர்குழாம் என்ற அன்புப் பொருளே இதற்கு முதன்மையாக இருந்தது. பின்னர்ச் சமூக ஊடகங்களிலும் செய்தி ஏடுகளிலும் இது தலைமுடி ஒப்பனை, வண்ண உடை, இருசக்கர வாகனம் ஆகியவற்றால் அடையாளம் காணப்படும் எளிய குடும்பத்து இளைஞரைச் சுட்டும் ஐயப்பெயராயிற்று. இங்குச் செயலும் இல்லை, தொழிலும் இல்லை. தோற்றம் ஒன்றே பெயருக்குப் போதுமானதாகிறது. ஒரு சொல் ‘பிள்ளை’ என்ற பொருளிலிருந்து ஐயத்திற்குரியவன் என்ற பொருளுக்கு ஒரு சில ஆண்டுகளில் நகர்ந்துள்ளமை சொற்பொருள் மாற்ற ஆய்வாளர் கருதத்தக்கது.

நான்காம்வகை, குணத்தைச் சுட்டுபவை. ‘சண்டியர்’ என்பது இதனுள் அடங்கும். பிடிவாதத்தைக் குறிக்கும் ‘சண்டி’ வேலைசெய்ய மறுக்கும் மாட்டிற்கும் ஆகிவரும். தெலுங்கில் ‘போகிரி’ என வழங்குவதோடு ஒத்த ‘போக்கிரி’யும் இவ்வகையினதே. இவ்வகைச் சொற்களைத் திரைப்படத் தலைப்புகள் விரும்பி ஏற்றன. கேடி (2006), போக்கிரி (2007), நானும் ரௌடிதான் (2015) ஆகியன சான்றுகள். ‘சண்டியர்’ என்று பெயரிடப்பட்ட படம் எதிர்ப்பின் காரணமாக 2004இல் ‘விருமாண்டி’ என்ற பெயரில் வெளிவந்தது. திரையில் இப்பழிச்சொற்கள் உயர்பொருட்பேறு எய்துகின்றன. விடலை என்பது இழந்த வீரப்பொருளை அவை பகுதியளவில் மீட்கின்றன. ஆனால் திரையரங்கில் தலைவனுக்குப் பெருமை தரும் அதே பெயர், தெருவில் ஒரு சிறுவனுக்குக் காவல் நிலையத்தின் கதவைத் திறந்துவிடுகிறது. பொருள் உயர்வு அனைவர்க்கும் ஒருபடித்தாகக் கிட்டுவதில்லை.

3. ஆவணம் ஈன்ற பெயர்கள்

குடியேற்ற ஆட்சிக்காலக் காவல்துறை தமிழுக்குப் பல பெயர்களைத் தந்தது. ‘ரவுடி’ ஆங்கிலக் கடன்சொல். ‘கேடி’ என்பது, அறியப்பட்ட கொள்ளையர் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் கே, டி என்ற முதலெழுத்துகளிலிருந்து பிறந்தது என்பர். தமிழில் ‘கேடு’ என்ற சொல் முன்னரே இருந்தமையால், ‘கேட்டிற்கு உரியவன்’ என்ற பொருளில் இது தமிழ்ச் சொல்லெனவே மக்களால் உணரப்பட்டது. பதிவேட்டின் சுருக்கக் குறி ஒன்று மக்கள் வழக்கில் குணப்பெயராக வேரூன்றியமைக்கு இத்தற்செயல் ஒப்புமை துணைநின்றது.

இவ்வகைப் பெயர்களுக்கு மற்றவற்றிற்கில்லாத ஓர் ஆற்றல் உண்டு. பேச்சு வழக்குப் பெயர் ஊர் மாறினால் மறையலாம். ஆவணப் பெயர் மறைவதில்லை. ‘ரவுடிப் பட்டியல்’, ‘சரித்திரப் பதிவேடு’, ‘ஏ பிளஸ்’ முதலிய தர எழுத்துகள் ஆகியவை ஆளைத் தொடர்பவை. ‘சரித்திரப் பதிவேடு’ என்ற தொடரில் சரித்திரம் என்பது கடந்ததைக் குறித்தாலும், அதன் பயன் எதிர்காலத்தைப் பற்றியதே.

‘குண்டர்’ என்பதன் நிலை மேலும் சிக்கலானது. தேவாரத்தில் சமணரைப் பழிக்கும் சொல்லாக ஒரு ‘குண்டர்’ உண்டு. இன்றைய ‘குண்டர்’ இந்தியின் ‘குண்டா’ என்பதனோடு தமிழ்ப் பலர்பால் விகுதி சேர்ந்து அமைந்தது. வடிவால் ஒன்றிய இரண்டும் வழியால் வேறானவை. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம் கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், குடிசைப்பகுதி நிலம் அபகரிப்போர் முதலியோரை விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்க வழிசெய்தது. இப்பட்டியலில் ஏனைய பெயர்கள் செயலைச் சுட்ட, குண்டர் என்ற பெயர் மட்டும் ஆளின் தன்மையைச் சுட்டுகிறது. வழக்கமாகக் குற்றம் புரிதல் என்பதே மூலச் சட்டம் அப்பெயருக்குத் தந்த வரையறையின் மையம். தொடர்வினையே அப்பெயரின் உட்பொருள் ஆதலின், காலம் காட்டாமை இங்குச் சட்டத்தின் தேவையாகவே அமைந்துவிட்டது. மக்கள் வழக்கில் நீண்ட சட்டப் பெயர் முழுவதும் ‘குண்டர் சட்டம்’ எனவும் ‘குண்டாஸ்’ எனவும் சுருங்கியது. ‘குண்டர் சட்டம் பாய்ந்தது’ என்னும் செய்தித் தொடரில், சட்டம் விலங்கின் வினையைப் பெறுகிறது.

செயல் நிகழுமுன்னரே பெயரிடும் கொடுமையின் உச்சம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடஇந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்கீழ்ச் சமூகங்கள் முழுமையாகவே குற்றத்தன்மை உடையவையாக அறிவிக்கப்பட்டன. ‘பரம்பரை’ என்ற சொல் பெயரைப் பிறப்போடு பிணைத்தது. தொட்டிற் குழந்தைக்கும் அப்பெயர் உரியதாயிற்று. மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றனர். உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்த மக்கள்மீது 3-4-1920 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அதே 1920ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணம் இந்தியாவின் முதல் மாகாணச் சிறார் சட்டத்தையும் இயற்றியது. குற்றம் புரிந்த சிறார் திருத்தத்தக்கவர் என்று கூறும் சட்டமும், பிறப்பாலேயே குற்றத்தன்மை வரும் என்று கூறும் சட்டமும் ஒரே அரசின் கையில் ஒரே ஆண்டில் இருந்தன. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. அச்சமூகங்களுக்குப் பின்னர்த் தமிழில் வழங்கிய ‘சீர்மரபினர்’ என்ற பெயர் தனிச்சிறப்புடையது. அறிவிக்கையினின்று நீக்கப்பட்டோர் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் பழைய பழியை மறுக்கும்போதே நினைவூட்டுகிறது. தமிழ்ப்பெயர் அதனை நினைவூட்டாமலே கடந்துவிடுகிறது.

4. சட்டச் சொல்லாக்கமும் பெயரெச்சமும்

இளையோர் நீதி குறித்த இந்தியச் சட்டங்களின் சொல்லாட்சி படிப்படியாக மாறிவந்துள்ளது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் நெறிபிறழ்ந்தோர் என்ற கருத்தில் சிறாரைச் சுட்டியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ‘சட்டத்துடன் முரண்பாட்டில் உள்ள இளையர்’ என்ற கருத்திற்கு மாறியது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் ‘இளையர்’ என்பதை விடுத்துக் ‘குழந்தை’ என்றது. இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் பழிசுமத்தும் சொற்களைப் பயன்படுத்தலாகாது என்பதை அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. புதிய தொடக்கம் என்ற கோட்பாடும் அப்பிரிவிலேயே இடம்பெறுகிறது. 74ஆம் பிரிவு அக்குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. சொல்லாட்சியே சட்டத்தின் கோட்பாடாக அமைந்துள்ளமையால், இது சொல்லாக்க அறிஞரின் பணிக்களமும் ஆகிறது.

நெடுங்காலம் வழங்கிவரும் ‘இளங்குற்றவாளி’ என்ற சொல்லை முதலில் நோக்கலாம். ‘ஆளி’ என்னும் ஈறு உடைமையையும் நிலைத்த தொடர்பையும் உணர்த்துவது. நோயாளி, அறிவாளி, உழைப்பாளி என்பவற்றோடு ஒருங்கு நிற்கும் ‘குற்றவாளி’, குற்றத்தை உடைமையாகக் கொண்டவர் என்று பொருள்படும். ‘இள’ என்ற அடை அவ்வுடைமையைக் குறைப்பதில்லை. தொடக்கத்தை மட்டுமே சுட்டுகிறது. ‘இளங்கன்று’ வளர்ந்து மாடாதல்போல இளங்குற்றவாளி வளர்ந்து குற்றவாளியாவான் என்ற எதிர்பார்ப்பிற்கு அச்சொல்லமைப்பு இடங்கொடுக்கிறது.

புதிய கருத்திற்குத் தமிழில் மூன்று வடிவங்கள் வழங்குகின்றன: ‘சட்டத்துடன் முரண்பட்ட சிறார்’, ‘சட்டத்துடன் முரண்படும் சிறார்’, ‘சட்டத்திற்கு முரணான சிறார்’. ஒரே பொருளின் மாற்று வடிவங்களாக இவை கலந்தே எழுதப்படுகின்றன. இலக்கண நோக்கில் இவை ஒன்றல்ல.

‘முரண்பட்ட’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். செயலை நிகழ்ந்து முடிந்ததாகக் காட்டுகிறது. ‘முரண்படும்’ என்பது செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். முக்காலத்திற்கும் பொதுவான இயற்கையைக் கூறச் செய்யும் என்னும் வடிவம் வரும் என்பதற்கு உரையாசிரியர்கள் ‘மலை நிற்கும்’, ‘தீச் சுடும்’ போன்றவற்றை எடுத்துக்காட்டுவர். அவ்வழியே நோக்கின், ‘முரண்படும் சிறார்’ என்பது தீச்சுடுதல்போல முரண்படுதலை இயற்கையாகக் கொண்ட சிறார் என்ற பொருளுக்கு இடமளிக்கிறது. ‘முரணான’ என்பதில் ‘ஆன’ இன்றைய வழக்கில் பெயரடை விகுதியாய் நின்று காலம் உணர்த்துவதில்லை, பண்பையே உணர்த்துகிறது. ஆகவே பழிசாராச் சொல்லைத் தேடிச் சென்ற சொல்லாக்கம், பின்னிரண்டு வடிவங்களில் பழைய இடத்திற்கே திரும்பிவிடுகிறது. சட்டத்தின் நோக்கத்திற்கு இயைந்தது ‘முரண்பட்ட சிறார்’ என்பதே.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ‘கெட்டவன்’ என்பது வடிவால் இறந்தகால வினையாலணையும் பெயர். எனினும் அது நிலைத்த இயல்பையே இன்று குறிக்கிறது. காலம் காட்டும் உறுப்பு இருந்தும் வழக்கு மிகுதியால் அது செயலிழந்தது. ‘முரண்பட்ட சிறார்’ என்பதற்கும் இந்நிலை நேரலாம் என்பது உண்மையே. ‘சீர்திருத்தப் பள்ளி’ என்ற நல்லெண்ணச் சொல் அவ்வாறே பழிபடிந்தது. அதற்கு மாற்றாகத் தமிழ்நாட்டு நிருவாக வழக்கில் வந்த ‘கூர்நோக்கு இல்லம்’ என்பதும் அவ்வழியில் செல்லக்கூடும். திருத்துதல் என்பது குறையை முன்கொள்வது. கூர்ந்து நோக்குதல் அங்ஙனம் முன்கொள்ளாதது என்பதால் பின்னதே மேம்பட்டது. ஆயினும் இல்லத்தின் உள்நிலை மாறாதவிடத்துப் பெயர் மட்டும் நெடுங்காலம் தூய்மையாய் நிற்பதில்லை. சொல் சீர்திருத்தத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று.

செய்தி ஏடுகளில் இவ்விரு போக்குகளும் அருகருகே காணப்படுகின்றன. செய்தியின் உடற்பகுதி ‘17 வயதுச் சிறுவன்’ எனச் சட்டத்திற்கு இயைய எழுத, தலைப்பு ‘இளங்குற்றவாளி’ என்றோ ‘சிறுவர் கும்பல்’ என்றோ அமைந்துவிடுகிறது. இடச்சுருக்கம் காலம் காட்டும் நீண்ட தொடரைத் தவிர்த்துக் காலம் காட்டாக் குறும்பெயரைத் தேர்கிறது. இழிவுப்பொருள் மனத்தில் பதிவதற்கு இச்சுருக்கமும் ஒரு காரணம்.

முடிவுரை

குற்றம் புரிந்த இளையோரைச் சுட்டும் தமிழ்ப் பெயர்கள் பழந்தமிழில் வீரப் பெயர்களாகவும், பேச்சு வழக்கில் வறுமை, தோற்றம், குணம் ஆகியவற்றின் பெயர்களாகவும், ஆவணங்களில் பட்டியற் பெயர்களாகவும் அமைந்துள்ளன. பிந்திய இரு களங்களிலும் காலம் காட்டாமை அவற்றின் பொதுத்தன்மை. இழிபொருளைக் காட்டிலும் இத்தன்மையே மிகுதியான தீங்கு விளைவிப்பது. ஏனெனில் இழிபொருள் திரைப்படத் தலைப்பினாலும் மாறும், காலம் காட்டாப் பெயரோ ஆளைவிட்டு அகல்வதில்லை.

தமிழ் இலக்கணம் இதற்கு மாற்று வழியைத் தன்னுள்ளேயே வைத்துள்ளது. வினையாலணையும் பெயரும் இறந்தகாலப் பெயரெச்சமும் செயலைச் சொல்லி, ஆளை அச்செயலுக்கு அப்பால் விடும் ஆற்றல் உடையவை. சட்டத் தமிழாக்கம், இதழியல் நடைக்கையேடு, பாடநூல், அகராதி ஆகியவற்றில் ‘முரண்பட்ட சிறார்’ என்ற வடிவத்தை ஒருமுகமாக ஏற்பதும், ‘பொறுக்கி’ போன்ற சொற்களின் விளக்கத்தில் தொழிற்பொருளை முதற்பொருளாகத் தருவதும் உடனடியாகச் செய்யத்தக்கவை. பதிவேட்டிலுள்ள குறிப்பை உரிய காலத்தில் அழிக்கச் சட்டம் வழிவகுத்துள்ளது. ஊர் வாயிலுள்ள பெயரை அழிக்கும் சட்டம் எதுவுமில்லை. அப்பெயரை இடும்போதே அதில் ஒரு காலத்தை வைத்து இடுவதுதான் மொழியால் ஆகக்கூடிய உதவி.